கரும்புக் காட்டில் இராவணன்

வெளிநாட்டில் குடியேறியவர்களைப் பற்றிக் கதை எழுதும்போது நம் ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வாக்கியம் எப்படியோ பேனாவிலிருந்து வந்து விழுந்துவிடுகிறது: "என்ன இருந்தாலும் நம்ம ஊரில் மாதிரி வருமா?" பாத்திரம் சிங்கப்பூரில் இருக்கலாம், டர்பனில் இருக்கலாம், நியூ ஜெர்ஸியில் இருக்கலாம். பொங்கலோ தைப்பூசமோ வந்துவிட்டால் போதும். ஒரு பெருமூச்சு, இந்த வாக்கியம், பிறகு எங்கோ கேட்கும் கிராமத்துக் கோயில் மணி, கதை முடிந்துவிடும். அந்தப் பெருமூச்சு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதோடு கதையை நிறுத்திவிடுவதுதான் சோம்பேறித்தனம் என்கிறேன். பெருமூச்சு விட்ட அதே மனிதர் எழுந்துபோய் நாற்காலியின்மேல் ஏறி நின்று மாவிலைக்குப் பதில் கிடைத்த ஏதோ ஓர் இலையில் தோரணம் கட்டுகிறாரே, அதை யார் எழுதுவது?

இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு, கதையும் கவிதையும் எழுதிய இரண்டு பெரியவர்களைச் சேர்த்துப் படிப்பது லாபகரமாக இருக்கும். இருவரும் ஒரே திருவிழாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டில் கரும்புக் காட்டுக்கு நடுவே நடக்கும் ராம்லீலாதான் அது. வி. எஸ். நைபால் அந்தத் தீவிலேயே 1932-ல் பிறந்தவர். முன்னோர் கங்கைச் சமவெளியிலிருந்து போனவர்கள். டெரெக் வால்காட் 1930-ல் அருகிலுள்ள ஸெயின்ட் லூஸியா தீவில் பிறந்த கவி; ஆப்பிரிக்க ரத்தமும் ஐரோப்பிய ரத்தமும் கலந்தவர்; டிரினிடாட்டில் பல வருஷங்கள் நாடகக் குழு நடத்தியவர். வால்காட்டுக்கு 1992-லும் நைபாலுக்கு 2001-லும் நோபல் பரிசு கிடைத்தது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். இருவரும் இன்று இல்லை. ஆகவே சண்டை மூட்டிவிட்ட பாவம் என்னைச் சேராது.

முதலில் அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். முதல் கப்பல் 1845 மே 30-ம் தேதி போய்ச் சேர்ந்தது. 1917 வரையில் 1,40,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சிலர் கப்பலேறினார்கள். என்றாலும் பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்த கிராமத்தார், போஜ்புரி பேசுகிறவர்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். திரும்பி வரக் கப்பல் சத்தம் கிடைக்க வேண்டுமானால் மொத்தம் பத்து வருஷம் இருந்தாக வேண்டும். பெரும்பாலோர் திரும்பவில்லை.

இவர்கள் தங்களோடு கொண்டுபோன புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது துளசிதாசர் 1574-ல் எழுதத் தொடங்கிய ராமசரிதமானஸம். அந்தப் புத்தகம் பெரும்பாலும் பெட்டியில் போகவில்லை, வாயில் போயிற்று. காரணம் பக்தி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நாட்டைவிட்டுப் போனவனின் கதை அது. பதினாலு வருஷம் என்று கெடு வைத்து அனுப்பப்பட்ட ஒருவன் கடல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். பத்து வருஷக் கெடுவோடு கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு அயோத்தி என்பது வெறும் புராணப் பெயராக இருந்திருக்க முடியாது.

நைபால் தம் சிறு வயதில் பார்த்த ராம்லீலாவை, வாசிப்பும் எழுத்தும் பற்றி 2000-த்தில் வெளியிட்ட ஒரு சின்னப் புத்தகத்தில் நினைவுகூர்கிறார். இரண்டு பாராவுக்கு மேல் இல்லை. ஆனால் கதை எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் அந்த இரண்டு பாராவை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் படிக்கலாம். ஊரின் ஓரம், சுற்றிலும் கரும்பு, நடுவில் திறந்த வெளி. வெற்றுடம்போடு கையில் வில் பிடித்த ஆண்கள் நுனிக்காலில் ஒரு விசித்திர நடை நடக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே போவதற்குத் தரையை வெட்டிச் சரிவு அமைத்திருக்கிறார்கள். மூங்கில் சட்டத்தின்மேல் தார்க் காகிதத்தை ஒட்டிச் செய்த கறுத்த ராவணன் ஆரம்பத்திலிருந்தே மைதானத்தில் நின்றுகொண்டிருக்கிறான். கடைசியில் எரியப் போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்க்கத்தானே கூட்டம் வந்திருக்கிறது! நாடகம் என்கிற முறையில் அது கரடுமுரடானது என்றும் நைபால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ஆனாலும் டவுனில் பார்த்த இங்கிலீஷ் சினிமாக்களைவிட அது தமக்கு அதிகமாகப் புரிந்தது, அதிகமாக மனசைத் தொட்டது என்கிறார். எல்லாமே மனிதர்களின் ஞாபகத்தில் ஏறிக் கடல் தாண்டி வந்தவை என்று ஆச்சரியப்படுகிறார்.

நைபாலின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் அந்தக் கண் பார்த்ததை அவருடைய மனம் எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை. இந்தியாவுக்கு முதல் தடவை வந்துவிட்டுப் போய் 1964-ல் அவர் எழுதிய 'இருளின் பிரதேசம்' என்ற பிரயாண நூலில், டிரினிடாட்டில் தம் பாட்டி வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போடுகிறார். பித்தளைப் பாத்திரங்கள், சாமி படங்கள், ஆர்மோனியம், கயிற்றுக் கட்டில். கட்டிலின் கயிறு அறுந்து தொங்குகிறது. அதைத் திருப்பிப் பின்னத் தெரிந்த ஜாதிக்காரர் அந்தத் தீவில் ஒருவரும் இல்லை. ஆகவே அது பழுது பார்க்கப்படாமலே கிடக்கிறது. ஒரு நாவலாசிரியனால்தான் இதைப் பார்க்க முடியும். ஒரு சமூகம் இடம் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த அறுந்த கட்டில் சொல்லிவிடுகிறது. கொண்டுபோன சாமானைப் பழுது பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது ஞாபகச் சின்னம் ஆகிவிடும்; பிறகு குப்பை ஆகிவிடும். நைபாலும் அந்தப் பாட்டி வீட்டு உலகம் தம் கண்ணெதிரே தேய்ந்து கரைந்தது என்ற முடிவுக்குத்தான் வருகிறார்.

கட்டிலுக்கு இது சரி. ராவணனுக்குச் சரியா? இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு. கட்டிலையும் ராவணனையும் பார்த்த கண் ஒன்றுதான். இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கட்டில் ஊரிலிருந்து வந்த சாமான். தார்க் காகிதம் ஊரிலிருந்து வரவில்லை. அது அந்தத் தீவின் கடையில் வாங்கினது; மூங்கில் அந்தத் தீவில் வெட்டினது. ஒவ்வொரு வருஷமும் ராவணனை எரித்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் யாராவது ஒருவர் மறுபடி கட்டியாக வேண்டும். கட்டுவதற்கு உதவியாக ஒரு பையன் நிற்பான். பத்து வருஷம் கழித்து அவன் கட்டுவான். அழிந்தே தீரவேண்டிய பொருள் என்பதால்தான் அதைச் செய்யும் கை அழியாமல் இருந்தது. திருவிழா சாமானாக இருந்தால் கட்டில் மாதிரிக் கிடந்து மக்கியிருக்கும். அது வேலையாக இருந்ததால் பிழைத்தது. பித்தளைப் பாத்திரத்தைப் பரணில் வைத்துப் பூட்டலாம். விழாவைப் பூட்ட முடியாது.

நைபாலின் கசப்புக்கு நியாயமே இல்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. பெயர்ந்து வந்த சமயம் அவர் வீட்டில் வெறும் வேடிக்கையாக இருக்கவில்லை. அவர் தந்தை சீபர்ஸாத் நைபால் டிரினிடாட் கார்டியன் பத்திரிகையின் நிருபர்; கதைகளும் எழுதியவர். 1933-ல் கால்நடைகளுக்கு நோய் கண்டபோது, அரசாங்கம் சொன்ன தடுப்பு முறைகளை விட்டுவிட்டுக் காளிக்குப் பலி கொடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அவர் பத்திரிகையில் கண்டித்து எழுதினார். மிரட்டல் கடிதம் வந்தது: அவரே காளிக்கு ஓர் ஆட்டைப் பலி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு. சீர்திருத்தம் பேசிய மனிதர் கடைசியில் அந்த ஆட்டை வெட்டத்தான் வேண்டியிருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு அவருக்குப் புத்தி கலங்கிப்போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் தம் முகம் தெரியவில்லை என்று அலறினாராம். மகனுக்கு இந்தக் கதை வெகு காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. 1984-ல் புத்தகத்தில் வெளியிட்டார். இப்படி ஒரு வீட்டில் பிறந்தவரிடம் போய், "ஆஹா, கடல் தாண்டியும் நம் கலாசாரம் எப்படித் தழைத்திருக்கிறது பாருங்கள்!" என்று பரவசப்பட முடியுமா? நம்மவர்கள் மேடைகளில் அப்படிப் பரவசப்படும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடு ஞாபகம் வருகிறது.

'பிஸ்வாஸின் வீடு' என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய 1961-ம் வருஷத்து நாவலில் இந்தக் கலவையை இன்னும் நன்றாகக் காட்டியிருக்கிறார். அனுமான் மாளிகை என்று பெயர் வைத்த வைதிகக் குடும்பம். பூஜை குறைவில்லாமல் நடக்கிறது. கிறிஸ்துமஸும் நடக்கிறது, குழந்தைகளுக்குப் பலூனும் ஆப்பிளும் உண்டு. எது நம்முடையது, எது வந்தது என்று அந்த வீட்டில் யாரும் தலையை உடைத்துக்கொள்வதில்லை. கட்டுரையாளராக இருக்கும்போது நைபால் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நாவலாசிரியராக இருக்கும்போது நின்று வேடிக்கை பார்க்கிறார். எனக்கு நாவலாசிரியரிடம்தான் நம்பிக்கை.

இனி வால்காட். பரிசு வாங்கப் போன இடத்தில் அவர் செய்த உரை இந்த ராம்லீலாவில்தான் ஆரம்பிக்கிறது. காரோனிச் சமவெளியின் ஓரத்தில் பெலிசிட்டி என்று ஒரு கிராமம். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு ஆனந்தம் என்று பொருள். நம் பக்கத்தில் இருந்தால் ஆனந்தபுரம் என்று இருக்கும். நண்பர்களோடு அங்கே போகிறார். வேஷம் கட்டிய பையன்கள், சிவப்புத் துணி, அம்பு, பாதி கட்டி நிற்கும் பொம்மை. கவியின் மனம் உடனே பழைய பாதையில் ஓடுகிறது: இது ஓர் இழந்துபோன இந்தியாவின் எதிரொலி, தேய்ந்துபோன சாம்ராஜ்யத்தின் நிழல் என்றெல்லாம். பிறகு தம்மைத் தாமே பிடித்து நிறுத்துகிறார். எதிரொலி என்று ஏன் சொல்ல வேண்டும்? தொடர்ச்சி என்று ஏன் சொல்லக் கூடாது? இந்தப் பையன்கள் நடிக்கவில்லை, நம்புகிறார்கள். சுற்றிலும் மிட்டாய்க் கடையும் பையன்களின் கூச்சலுமாகச் சந்தோஷம் அல்லவா இருக்கிறது? தாம் அதில் துக்கத்தைத் தேடியது புத்தகம் படித்த புத்தியின் கோளாறு என்று சபையில் ஒப்புக்கொள்கிறார். ஹோமரின் யுலிஸிஸ் கதையை நாடகமாக்கியபோது அது எல்லோருக்கும் தெரிந்த கதை என்று எடுத்துக்கொண்ட தமக்கு, அண்டைவீட்டாரின் ராமனைத் தெரியாமல் போயிற்றே என்றும் சொல்கிறார்.

கம்பீரமான உரை. பெருமூச்சு மரபுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் படித்ததில்லை. 'என்ன இருந்தாலும் ஊரில் மாதிரி வருமா?' என்பதை முதலில் சொல்லுகிறவர் விழாவில் இருக்கிறவர் அல்ல, வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்தான் என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் வால்காட்டும் வேலிக்கு வெளியே நின்றவர்தான். அவர் பையன்களைப் பார்த்தார். பொம்மை கட்டுகிறவரோடு உட்கார்ந்து பேசவில்லை. மூங்கில் யார் வீட்டுக் கொல்லையில் வெட்டியது, காகிதத்துக்கு யார் பணம் கொடுத்தது, ராமனாக வருகிறவன் அந்த நாட்களில் புலால் தொடாமல் இருக்கிறானா, அவன் தாயார் என்ன சமைத்துப் போடுகிறாள் என்பதெல்லாம் அந்த உரையில் இல்லை. அவருடைய முடிவு நைபாலின் முடிவைவிடச் சரியானது. அவருடைய விவரங்கள் நைபாலின் விவரங்களுக்கு உறைபோடக் காணாது.

இருவரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உண்டு. ஊரில் அது எப்படி இருந்தது? காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகரில் நடக்கும் ராம்லீலா மிகப் பிரசித்தம். 31 நாள் நடக்கும். ஊரே அரங்கம், அயோத்தி ஓர் இடத்தில், மிதிலை ஓர் இடத்தில், இலங்கை வேறோர் இடத்தில். ஜனங்கள் கூடவே நடந்து போகிறார்கள். இன்றைக்கும் அங்கே ஒலிபெருக்கி இல்லை, மின்சார விளக்கு இல்லை, பெட்ரோமாக்ஸ்தான். பார்க்கிறவர்களுக்கு இது யுகாந்தரமாக நடந்து வருகிறது என்று தோன்றும். ஆனால் இன்றுள்ள உருவத்தில் அதை அமைத்துக் கொடுத்தவர்கள் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்த காசி மகாராஜாக்கள். டிரினிடாட்டுக்கு முதல் கப்பல் போனது 1845-ல். கப்பலேறின கிராமத்தார் பார்த்திருந்த ராம்லீலாவும் ஊருக்கு ஊர் வேறாக, அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஒரு பையனைப் போல இருந்திருக்கும். அந்தப் பையன் இரண்டு வீடுகளில் வளர்ந்தான். ஒரு வீட்டில் ராஜா காவல். மற்றொரு வீட்டில் கங்காணி காவல். முகம் வேறுபட்டதில் என்ன ஆச்சரியம்? ஒன்றை மூலம் என்றும் இன்னொன்றை நகல் என்றும் எந்தக் கணக்கில் சொல்கிறோம்?

இதற்காக இழப்பே இல்லை என்று சாதிக்கப் புறப்பட்டால் அது வேறு வகைப் பொய். பாஷை போய்விட்டது. போஜ்புரி டிரினிடாட்டில் கிழவர்களோடு ஒடுங்கிவிட்டது. ராம்லீலாவில் பண்டிதர் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து துளசியின் அவதி வரிகளைப் படிக்கிறார், உடனே இங்கிலீஷில் விளக்குகிறார். மைதானத்தில் வேஷக்காரர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ராமன் ஊமையாகிவிட்டான். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். நைபாலும் இந்தப் பாஷை இழப்பின் பிள்ளைதான். இங்கிலீஷில் அவ்வளவு பெரிய எழுத்தாளரானதற்கு விலை அது.

நம்மவர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. இந்துமகா சமுத்திரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன தமிழர்கள் திரௌபதை அம்மன் தீமிதியைக் கொண்டு போனார்கள். தீமிதி இன்றும் நடக்கிறது. பாஞ்சாலி 'பாண்டியாலே' ஆகிவிட்டாள். தெருக்கூத்தும் போயிற்று, அதற்கு அங்கே 'பால் தமூல்' என்று பிரெஞ்சுப் பெயர். தமிழ் பேசத் தெரியாத பேரன் தமிழ் மந்திரத்தைச் சொல்லிவிட்டு நெருப்பில் இறங்குகிறான். நம் ஊர்ப் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, தார்க் காகித ராவணன் உடனே சொந்தக்காரனாகத் தெரிவான். இந்தப் பேரனைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் இல்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தேயிலைத் தோட்டத்தின் துயரத்தை எழுதினார். அதற்குப் பிறகு கடல் தாண்டின கூலி என்றாலே நமக்குத் துயரம் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. பா. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில், அயல்நாட்டில் அலையும் பாண்டியன் மதுரை வீதிகளை நினைத்துப் பார்க்கும் பக்கங்கள் அற்புதமானவை. ஆனால் அவையும் நினைவுதானே? அங்கேயே பிறந்து, நினைக்க மதுரை இல்லாதவன் விழா எடுக்கிறானே, அவனுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நாம் இன்னும் வரவில்லை.

டிரினிடாட் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு 1966-லிருந்து அங்கே அரசாங்க விடுமுறை. மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கோலம் போலச் சட்டம் கட்டி அதன்மேல் அகல் ஏற்றுகிறார்கள். ஷகுவானாஸ் பக்கத்துக் குயவர்கள் அகல் செய்கிறார்கள். கட்டில் பின்னுகிறவர் இல்லாமல் போன தீவில் குயவர் மட்டும் தங்கிவிட்டார், ஏனென்றால் அகலுக்கு வருஷந்தோறும் தேவை இருந்தது. 1986-ல் தீபாவளி நகர் என்று ஒரு பெரிய பொருட்காட்சியும் தொடங்கினார்கள். மேடை, கடைகள், ஒன்பது நாள் கூட்டம். அது எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. பொருட்காட்சியில் ஜனங்கள் பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள், செய்கிறவர்களாக இருப்பதில்லை. ஆனால் என் ருசியை யார் கேட்டார்கள்? கரும்பே இப்போது இல்லை. அரசாங்கச் சர்க்கரைக் கம்பெனியை 2003-ல் மூடிவிட்டார்கள். அடுத்த சில வருஷங்களில் கரும்பு விவசாயமே நின்றுபோயிற்று. யாரை வெட்டச் சொல்லிக் கப்பலில் கொண்டுவந்தார்களோ அவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய ராவணன் இருக்கிறான், கரும்பு போய்விட்டது.

இன்னொரு பிரயாணமும் நடந்துவிட்டது. டிரினிடாட்டிலிருந்தும் அண்டை நாடான கயானாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் நியூயார்க்கில் போய்க் குடியேறியிருக்கிறார்கள். அந்நகரின் ரிச்மண்ட் ஹில் பேட்டையில் ஹோலிப் பண்டிகைக்கு ஊர்வலம் போகிறார்கள். ஹோலி என்று சொல்வதில்லை, பகுவா என்கிறார்கள். பீகாரின் பழைய பெயர் அங்கே இருக்கிறது. மார்ச் மாதத்துக் குளிரில் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் வண்ணப் பொடி தூவுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கும் ஒரு கிழவி, "என்ன இருந்தாலும் நம்ம ஊரில் மாதிரி வருமா?" என்று சொன்னால், அவள் நினைக்கும் ஊர் கங்கைக் கரையில் இல்லை, கயானாவின் பெர்பிஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது.

நைபாலின் சின்னப் புத்தகத்தையும் வால்காட்டின் உரையையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். நைபாலை முதலில் படிப்பது நல்லது. வால்காட்டை முதலில் படித்தால் அந்தப் பேச்சின் அழகில் மயங்கி, தார்க் காகிதத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுவோம்.